மிடி கீபோர்டைச் செருகினேன், விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை

புதுவிரல்

வணக்கம். 49 கட்டை உள்ள மிடி கீபோர்டு ஒன்று வாங்கி மூன்று நாள் ஆகிறது. யூஎஸ்பி கேபிளால் மடிக்கணினியில் இணைத்தேன். விளக்கு எரிகிறது. சாதனம் தயார் என்று விண்டோஸும் ஒரு செய்தி காட்டியது. அதோடு சரி. எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒரு முனகல்கூட இல்லை.

ஹெட்போனை கீபோர்டிலேயே மாட்டிக் கேட்கலாம் என்று பின்பக்கம் தேடினேன். துளை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதில் ‘பெடல்’ என்று எழுதியிருக்கிறது. அதிலும் மாட்டிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

கேபிளை மாற்றினேன், வேறு யூஎஸ்பி துளையில் செருகினேன், கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டேன். கீபோர்டு பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

ஐந்துகட்டை

திருப்பிக் கொடுக்காதீர்கள். அது பழுதில்லை. அதற்குள் சத்தமே கிடையாது, அவ்வளவுதான்.

நீங்கள் வாங்கியது ஊமைக் கருவி. உள்ளே ஸ்பீக்கர் இல்லை, பியானோ ஒலி இல்லை, ஒன்றுமில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் ‘60-ஆம் எண் ஸ்வரம், 90 அளவு வேகத்தில் அழுத்தப்பட்டது’ என்று ஒரு சின்னக் குறிப்பை மட்டும் கணினிக்கு அனுப்பும். விரலை எடுத்தால் ‘60 விடப்பட்டது’ என்று இன்னொரு குறிப்பு. இந்தக் குறிப்பு மொழிக்குத்தான் மிடி என்று பெயர். அதைப் படித்து ஒலியாக்க வேண்டியது கணினியில் ஓடும் ஒரு மென்பொருள். டைப் அடிக்கிற கீபோர்டு மாதிரிதான். எழுதுவதற்கு ஒரு நிரலைத் திறக்காமல் எத்தனை எழுத்து தட்டினாலும் திரையில் ஒன்றும் வராது இல்லையா?

விண்டோஸ் தானாக முன்வந்து இந்தக் குறிப்புகளை வாசிக்காது. உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, இசைப் பதிவு மென்பொருள், டாவ் என்பார்கள். இரண்டு, அதற்குள் ஏற்றும் ஒரு மென்பொருள் வாத்தியம். ரீப்பர் என்ற டாவை இறக்கிக்கொள்ளுங்கள். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

கீபோர்டு யூஎஸ்பியின் பொதுவான மிடி முறையில் பேசுகிற வகை என்றால் டிரைவர் எதுவும் தேவையில்லை. விண்டோஸ் செய்தி காட்டியதைப் பார்த்தால் அந்த வகையாகத்தான் தெரிகிறது.

ஆப்பிள்வாசி

மேக் என்றால் கராஜ்பேண்டைத் திறந்து ஒரு மென்பொருள் வாத்திய டிராக் போட்டதும் வாசிக்கலாம். சொல்லி வைத்தேன்.

நிசப்தன்

அவர் விண்டோஸ் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறார்.

புதுவிரல்

ஐந்துகட்டை, ‘ஊமைக் கருவி’ என்றதும்தான் விஷயம் பிடிபட்டது. பெட்டியிலேயே அதை எழுதி ஒட்டியிருக்கலாம்.

ரீப்பரை நிறுவினேன். ஒரு டிராக் சேர்த்து, பக்கத்தில் இருக்கிற சிவப்பு வட்டத்தை அழுத்தினேன். இப்போதும் சத்தம் இல்லை. எங்கே விட்டேன்?

ஐந்துகட்டை

இரண்டு மூன்று இடத்தில் விட்டிருக்கலாம். வரிசையாகப் பாருங்கள், ஒரு படி தேறாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

முதலில் ரீப்பரின் அமைப்புகளில் மிடி பகுதிக்குப் போய், பட்டியலில் உங்கள் கீபோர்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உள்ளீடாகப் பயன்படுத்த அனுமதி கொடுத்திருக்கிறதா? பெயரே இல்லையென்றால் ரீப்பரை மூடிவிட்டு, கீபோர்டைச் செருகிய பிறகு திறங்கள்.

அடுத்தது டிராக். சிவப்பு வட்டத்தை அழுத்தினால் மட்டும் போதாது. புது டிராக் பெரும்பாலும் மைக்கை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளீட்டை மிடி, எல்லாச் சாதனங்கள், எல்லாச் சேனல்கள் என்று மாற்றுங்கள். வாசிப்பதை உடனே கேட்கவைக்கும் மானிட்டர் பொத்தானும் எரிய வேண்டும். இப்போது கட்டையை அழுத்தினால் டிராக்கின் மீட்டரில் அசைவு தெரியும். தெரிந்தால் கீபோர்டு, கேபிள், விண்டோஸ் மூன்றுமே குற்றவாளி இல்லை.

அப்புறம் அந்த டிராக்கின் எஃபெக்ட்ஸ் பொத்தானில் ரியாசிந்த் என்பதை ஏற்றுங்கள். ரீப்பரோடு வருவது. பஸ்ஸர் மாதிரி கேவலமாக ஒலிக்கும், பரவாயில்லை. அதில் சத்தம் கேட்டால் பியானோவுக்குப் போகலாம்.

புதுவிரல்

சத்தம் வந்துவிட்டது! ‘பீங்ங்’ என்று ஒரு சத்தம். மூன்று நாளில் கேட்ட முதல் ஸ்வரம் அது, எனக்கு இனிமையாகத்தான் இருந்தது.

மீட்டர் முதலிலேயே அசைந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. டிராக்கில் வாத்தியமே ஏற்றவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஆனால் இப்போது வேறொரு தலைவலி. கட்டையை அழுத்தி, கொஞ்சம் நேரம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. மெதுவாக வாசித்தால் சமாளிக்கலாம். வேகமாக வாசித்தால் நான் முன்னால் ஓட, சத்தம் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறது.

நிசப்தன்

பஃபர். அமைப்புகளில் ஆடியோ சாதனப் பகுதிக்குப் போய் எந்த ஆடியோ முறை தேர்வாகியிருக்கிறது என்று சொல்லுங்கள். வேவ்அவுட் அல்லது டைரக்ட்சவுண்ட் என்றிருந்தால் அதை விடுங்கள். வசாபி எக்ஸ்க்ளூசிவ் வையுங்கள். பஃபர் 256, அது ஓடினால் 128.

கணக்கு எளிது. ஒலியை நொடிக்கு 44,100 துண்டுகளாகக் கணினி கையாள்கிறது. பஃபர் 1024 என்றால் அவ்வளவு துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு ஒரே தடவையில் அனுப்பும், அதற்கு 23 மில்லி விநாடி. 512-க்குப் பாதி. 256-க்கு ஏறக்குறைய 6. 128-க்கு 3. இது ஒரு பஃபருக்கான கணக்கு. உண்மையில் ஒன்றுக்கு மேல் இருக்கும், மேலே இன்னும் கொஞ்சம் சேரும்.

ஐந்துகட்டை

ஒப்பிட ஒரு விஷயம். காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க 3 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. 128 பஃபர் என்றால் ஸ்பீக்கரை ஒரு மீட்டர் தள்ளி வைத்த மாதிரிதான். மேடையில் மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் டிரம்மரோடு எல்லோரும் சேர்ந்து வாசிக்கத்தானே செய்கிறார்கள்? 10 மில்லி விநாடிக்குள் இருந்தால் கவலையே வேண்டாம்.

வசாபி சரிப்படவில்லையென்றால் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

நிசப்தன்

ஏசியோ என்பது தாமதத்தைக் குறைக்க இசை மென்பொருள்கள் பயன்படுத்தும் ஒலி முறை. ஏசியோ4ஆல் உண்மையான ஏசியோ டிரைவர் இல்லை. விண்டோஸின் சாதாரண ஒலி டிரைவருக்கு மேலே போட்ட ஒரு சட்டை. அது ஓடும்போது பிரவுசரில் சத்தம் வராது, அப்புறம் ‘என் கணினியே ஊமையாகிவிட்டது’ என்று புதிதாக ஒரு கேள்வி வரும். அது தேவையா?

ஐந்துகட்டை

வசாபி எக்ஸ்க்ளூசிவும் ஒலிச் சாதனத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்ற நிரல்களை ஊமையாக்கத்தான் செய்கிறது. சட்டையோ கோட்டோ, என் பழைய மடிக்கணினியில் ஐந்து வருடமாக 128-ல் ஏசியோ4ஆல் ஓடுகிறது. வெளியே மாட்டும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதன் சொந்த ஏசியோ டிரைவர்தான் நல்லது, அதில் சண்டை இல்லை. வாங்கி மூன்று நாளான மனிதரை இப்போதே அடுத்த பெட்டி வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தூசுதட்டி

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். புது இழை தொடங்கலாம் என்றுதான் இருந்தேன், விஷயம் இதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

என்னிடம் இருப்பது 1980-களின் பழைய சிந்தசைசர். யூஎஸ்பி கிடையாது, ஐந்து ஊசி முனை செருகும் வட்டத் துளைகள் மூன்று மட்டும்: இன், அவுட், த்ரூ. ஒரு பக்கம் யூஎஸ்பியும் மறுபக்கம் இரண்டு மிடி முனைகளும் உள்ள கேபிள் வாங்கினேன். இன் என்று எழுதிய முனையை இன் துளையிலும், அவுட் முனையை அவுட் துளையிலும் செருகினேன். கணினிக்கு எதுவும் வரவில்லை.

ஐந்துகட்டை

மாற்றிச் செருகுங்கள். சிந்தின் அவுட்டிலிருந்து வெளியே வருவது கேபிளின் இன்னுக்குள் போக வேண்டும். ஒருவர் பேசினால் இன்னொருவர் கேட்க வேண்டும், இரண்டு வாயை ஒட்டிவைத்தால் யார் கேட்பது?

இதில் ஒரு தொல்லை: சில கேபிள்களில் ‘இந்த முனை இன் துளைக்குப் போகட்டும்’ என்ற பொருளில் இன் என்று எழுதியிருப்பார்கள். அதனால் எழுத்தை முழுக்க நம்பாமல் இரண்டு விதமாகவும் செருகிப் பாருங்கள். ஒன்றும் கெடாது. மிடி உள்ளீட்டில் ஒளியால் செய்தி கடத்தும் ஆப்டோ ஐசொலேட்டர் வைக்க வேண்டும் என்பது முறை. இரண்டு பக்கத்து மின்சுற்றும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளாது.

தூசுதட்டி

மாற்றினேன், வருகிறது. ஆனால் மிடி-ஆக்ஸ் என்ற கண்காணிப்பு நிரலைத் திறந்து வைத்திருக்கிறேன், நான் கட்டையைத் தொடாமலே ‘எஃப்ஈ, எஃப்ஈ, எஃப்ஈ’ என்று கொட்டிக்கொண்டே இருக்கிறது. பேய் பிடித்ததா?

நிசப்தன்

ஆக்டிவ் சென்சிங். ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று 300 மில்லி விநாடிக்குள் ஒரு முறையாவது கருவி சொல்லிக்கொண்டே இருக்கும். கேபிள் பிடுங்கிக்கொண்டால் ஸ்வரம் தொங்காமல் இருக்க அந்த ஏற்பாடு. மிடி-ஆக்ஸில் அதை வடிகட்டி மறைக்கலாம்.

மிடி-ஆக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு டாவைத் திறந்தால், கீபோர்டைப் பயன்படுத்த முடியவில்லை என்று டாவ் சொல்லக்கூடும். விண்டோஸின் பழைய மிடி முறையில் பல டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் இடம் கொடுக்கும். ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறக்கவும்.

புதுவிரல்

நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். வசாபி எக்ஸ்க்ளூசிவ் வைத்தேன், பஃபர் 128. ஏசியோ4ஆலும் போட்டுப் பார்த்தேன். தாமதம் அப்படியே இருக்கிறது. கால் நொடி இருக்கும். 1024-க்கும் 128-க்கும் வித்தியாசமே தெரியவில்லை.

நிசப்தன்

பஃபரைக் குறைத்தும் மாறவில்லையென்றால் தாமதம் பஃபரில் இல்லை. எதில் கேட்கிறீர்கள்?

புதுவிரல்

ஹெட்போனில். நல்ல ஹெட்போன்தான். புளூடூத்.

நிசப்தன்

கழற்றுங்கள்.

ஐந்துகட்டை

நிசப்தன் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். புளூடூத் வழியாக ஒலி போக வேண்டுமென்றால் கணினி அதைச் சுருக்கி, பொட்டலம் பொட்டலமாக அனுப்ப வேண்டும். ஹெட்போன் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு விரித்து ஒலிக்கும். இதற்கு 100 முதல் 300 மில்லி விநாடி சர்வ சாதாரணமாக ஆகிவிடும். படம் பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் இயக்கும் நிரல் படத்தையும் அதே அளவு தாமதித்து உதட்டசைவோடு பொருத்திவிடும். உங்கள் விரலை யாரால் தாமதிக்க முடியும்?

இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். என் தவறு. கம்பி வைத்த சாதாரண ஹெட்போன் ஏதாவது இருந்தால் போதும், போனோடு வந்த பழைய இயர்போன்கூட.

புதுவிரல்

அலமாரியில் சிக்கு விழுந்து கிடந்த ஒரு இயர்போனை எடுத்துச் செருகினேன். விரலும் சத்தமும் ஒட்டிக்கொண்டன! இரண்டு நாளாக எந்தெந்த அமைப்பையெல்லாம் நோண்டினேன்...

128-ல் அவ்வப்போது ‘படபட’ என்று வெடிக்கிறது. 256-ல் இல்லை.

நிசப்தன்

அப்படியென்றால் 256-லேயே இருங்கள். 128 ஒன்றும் பரீட்சை மதிப்பெண் இல்லை. அதுவும் வெடித்தால் மின்சேமிப்பு முறையை அணைத்து, சார்ஜரைச் செருகி, வைஃபையை நிறுத்திப் பாருங்கள். லேட்டன்சிமான் என்ற நிரல் எந்த டிரைவர் இடையூறு செய்கிறது என்று காட்டிக்கொடுக்கும். பல மடிக்கணினிகளில் வைஃபைதான் மாட்டும்.

பென்குவின்நேசன்

லினக்ஸ்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: க்யூசிந்த் என்ற மென்பொருள் வாத்தியத்தைத் திறந்து ஒரு சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகள் அடங்கிய கோப்பு) ஏற்றி, கீபோர்டின் வெளியீட்டிலிருந்து அதன் உள்ளீட்டுக்குக் கோடு இழுத்துவிட்டால் முடிந்தது. பைப்வயர் என்ற புதிய ஒலி அமைப்பு வந்த பிறகு, ஜாக் என்ற பழைய அமைப்போடு மல்லுக்கட்டுவதும் குறைந்துவிட்டது.

புதுவிரல்

இனி பஸ்ஸரிலிருந்து பியானோவுக்குப் போகலாமா? அப்புறம் பெடலும் வாங்கினேன், ஆனால் அது தலைகீழாக வேலை செய்கிறது. மிதித்தால் ஸ்வரம் நின்றுவிடுகிறது, காலை எடுத்தால் இழுத்துக்கொண்டே போகிறது.

ஐந்துகட்டை

பெடல் விஷயம் பெரும்பாலும் ஒரே நிமிட வேலை. பெடல்களில் இரண்டு வகை: மிதிக்காதபோது சுற்று மூடியிருப்பது ஒன்று, திறந்திருப்பது இன்னொன்று. பல கீபோர்டுகள் மின்சாரம் வந்த நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, ‘சரி, இதுதான் ஓய்வு நிலை’ என்று முடிவு கட்டிக்கொள்ளும். எனவே யூஎஸ்பியைப் பிடுங்கி, முதலில் பெடலைச் செருகி, காலை வைக்காமல், பிறகு யூஎஸ்பியைச் செருகுங்கள். அதிலும் மாறவில்லையென்றால் பெடலின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். கணினிக்குப் போவது 64-ஆம் எண் கட்டுப்பாடு: 0 முதல் 63 வரை விட்டது, 64 முதல் 127 வரை மிதித்தது.

பியானோவுக்கு என் பரிந்துரை சாலமாண்டர் கிராண்ட் பியானோ. யமஹா சி5 ஒன்றின் ஒலியைப் பதிவு செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஸ்வரத்தை மெல்ல அழுத்தினால் ஒரு பதிவு, ஓங்கி அழுத்தினால் வேறு பதிவு என்று 16 அடுக்கு உண்டு. அதை ஏற்ற சஃபோர்சாண்டோ என்ற இலவச பிளேயர் போதும். சிந்தசைசர் ஒலிகள் வேண்டுமென்றால் சர்ஜ் எக்ஸ்டி, அதுவும் இலவசம். முதல் வாரமே முப்பது வாத்தியங்களை இறக்கி வைக்காதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஆறு மாதம் ஒலிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர ஒரு பாட்டுகூட உருப்படியாக வாசிக்கவில்லை.

தூசுதட்டி

என் கதையில் அடுத்த காட்சி. சிந்தையும் கணினியையும் இரண்டு பக்கமும் இணைத்துவிட்டேன். இப்போது ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு முறை ஒலிக்கிறது. ஏதோ உலோகக் குழாய்க்குள் வாசிப்பது மாதிரி இருக்கிறது.

ஐந்துகட்டை

சிந்தின் அமைப்பில் லோக்கல் கன்ட்ரோல் என்று ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். இப்போது நீங்கள் அழுத்தும் கட்டை நேராக அதன் ஒலிப் பகுதிக்கும் போகிறது, கணினிக்குப் போய்த் திரும்பியும் வருகிறது. ஒரே ஸ்வரம் இரண்டு தடவை. அணைத்துவிட்டால் கட்டைகள் தனி, ஒலி தனி. இரண்டையும் கணினிதான் சேர்த்துவைக்கும்.

கணினி இல்லாமல் வாசிக்கும்போது மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ‘சிந்த் செத்துவிட்டது’ என்று இங்கே வந்து நிற்பீர்கள்.

தூசுதட்டி

அணைத்தேன், சரியாகிவிட்டது. அந்தக் காலத்துப் பெட்டியும் போன வருடம் வாங்கிய கணினியும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசிக்கொள்வதைப் பார்த்தால் கொஞ்சம் சிலிர்க்கிறது. 1983 ஜனவரியில் ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புரொஃபெட்-600 சிந்தையும் ரோலண்டின் ஜூபிடர்-6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்து மற்றதில் ஒலிக்க வைத்தார்கள். போட்டி நிறுவனங்கள்! அதற்குப் பின்னால் இருந்த சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ காகேஹாஷிக்கும் 2013-ல்தான் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது, முப்பது வருடம் கழித்து.

நிசப்தன்

வேகமும் அன்று வைத்ததுதான். அந்த வட்டக் கேபிளில் நொடிக்கு 31,250 பிட். ஒரு ஸ்வரக் குறிப்புக்கு 3 பைட், ஏறக்குறைய 1 மில்லி விநாடி. பத்து விரலையும் ஒன்றாக வைத்தால் கடைசி விரலின் குறிப்பு 10 மில்லி விநாடி கழித்துப் போய்ச் சேரும். அடுத்தடுத்த குறிப்புகளில் முதல் பைட்டை விட்டுவிடும் தந்திரம் ஒன்று உண்டு, அதைப் பயன்படுத்தினால் 7-க்குள் முடியும். காதுக்குத் தெரியாது.

மலிவான யூஎஸ்பி மிடி கேபிள்களில் மட்டும் கவனம். வேகமாக நிறையச் செய்தி வந்தால் சில கேபிள்கள் விழுங்கிவிடும். விட்ட குறிப்பு காணாமல் போனால் ஸ்வரம் நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கும். எல்லா ஸ்வரத்தையும் நிறுத்தும் கட்டளை உங்கள் டாவில் எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளவும். இரவில் தேவைப்படும்.

புதுவிரல்

பெடல் சரியாகிவிட்டது, ஐந்துகட்டை சொன்ன மாதிரியே. காலை அதன் மேல் வைத்துக்கொண்டே செருகியிருக்கிறேன். சாலமாண்டரும் ஏறிவிட்டது. ஓங்கி அடித்தால்தான் முழுச் சத்தம் வருகிறது, விரல் வலிக்கிறது. இதுவும் நான் செய்த தவறா?

ஐந்துகட்டை

இல்லை, கீபோர்டின் வேக வளைவு உங்கள் கைக்குப் பொருந்தவில்லை. அழுத்தும் வேகத்தை 1 முதல் 127 வரை எண்ணாக்குவதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு. கீபோர்டின் அமைப்பில் வெலாசிட்டி கர்வ் என்று நான்கைந்து தேர்வுகள் இருக்கும், மென்மையானதைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் 127-ஆகப் போகும் நிலைத்த தேர்வும் ஒன்று இருக்கும். அதை டிரம்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பியானோவில் போட்டால் தட்டச்சு மாதிரி இருக்கும்.

புதுவிரல்

மென்மைக்கு மாற்றினேன். இப்போது விரல் வைத்ததும் பேசுகிறது.

கடைசியாக ஒன்று. பயிற்சிப் பாடத்தில் நடு சி-யை சி4 என்கிறார்கள். ரீப்பர் வேறு எண் காட்டுகிறதா, அல்லது நான் தவறான கட்டையில் உட்கார்ந்திருக்கிறேனா?

நிசப்தன்

60-ஆம் எண்தான் நடு சி. அதை யமஹா சி3 என்கிறது, வேறு பலர் சி4 என்பார்கள். எண்ணைப் பாருங்கள், பெயரை விடுங்கள். 60 வரவில்லையென்றால் கீபோர்டின் ஆக்டேவ் பொத்தானில் கை பட்டிருக்கும்.

புதுவிரல்

48 வருகிறது. ஆக்டேவ் பொத்தான்தான், விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. மூன்று நாளாக அதைத்தான் ‘மின்சாரம் வருகிறது’ என்பதற்கான விளக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.